அறுவை அரங்கின் கணக்கில் வராத வீடு

2008 ஜூன் மாதத்தில் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி தன் உறுப்பினர்கள் 24,922 பேருக்கு ஒரு கேள்வித்தாளை அனுப்பியது. 7,905 பேர் பதில் அளித்தார்கள். அவர்களில் பெண்கள் 1,043 பேர். வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை, எத்தனை இரவு ஆன்-கால் டூட்டி, குழந்தைகள் உண்டா, கடைசி மூன்று வாரங்களில் வேலையும் வீடும் ஒன்றோடொன்று மோதியதுண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். மேயோ கிளினிக்கின் லிசலாட் டிர்பி, டெய்ட் ஷானஃபெல்ட் உள்ளிட்டோர் இந்தப் பதில்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரை, அறுவை மருத்துவர்களின் குடும்ப வாழ்வைப் பற்றி எழுதுகிற எவரும் தாண்டிப் போக முடியாத ஒன்று.

மூன்று வாரங்களுக்குள் ஒரு மோதலாவது வந்தது என்று பெண்களில் 62.2 சதவீதம் பேர் சொன்னார்கள், ஆண்களில் 48.5 சதவீதம். பிள்ளை வளர்ப்பு தங்கள் தொழில் முன்னேற்றத்தைத் தாமதப்படுத்தியது என்று பெண்களில் 57.3 சதவீதம் பேர் நினைத்தார்கள், ஆண்களில் 20.2 சதவீதம். இவையெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவைதான். அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்தியது வேறொரு வரி. வேலை நேரத்திலும் ஆன்-கால் இரவுகளின் எண்ணிக்கையிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இல்லை.

அறுவை மருத்துவர்களின் வீட்டு நெருக்கடியைப் பற்றிப் பேச்சு வந்தாலே வேலை நேரத்தைத்தான் காரணமாகச் சொல்கிறோம். நேரம் மட்டுமே காரணம் என்றால், ஒரே அளவு நேரம் உழைப்பவர்களுக்கு ஒரே அளவு நெருக்கடி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியானால் மருத்துவமனையில் செலவாகும் மணிகளைப் போலவே, அந்த மணிகள் வரம்பு மீறும்போது வீட்டில் அதைத் தாங்குவதற்கு ஆள் இருக்கிறாரா என்பதையும் கேட்டாக வேண்டும். கேட்டு வாங்கிய பதில்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருடையவைதான் என்பதும், எல்லாமே அவரவர் தாமாகச் சொன்னவை என்பதும் இந்த ஆய்வின் குறைகள். ஆனாலும் அடுத்து வந்த வேறு ஆய்வுகளும் இதே திசையையே காட்டுகின்றன.

அறுவை மருத்துவரின் நேரத்துக்கு இரண்டு குணங்கள் உண்டு. நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. எப்போது முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. குடல் அடைப்புக்காக ஒருவரின் வயிற்றைத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய பட்டியலில் அந்தக் கேஸுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். உள்ளே பார்த்தால், என்றோ நடந்த பழைய அறுவையால் குடல் ஒன்றோடொன்று ஒட்டி, வயிற்றுச் சுவரோடும் ஒட்டிக் கிடக்கும். ஒவ்வொரு இடமாகப் பிரித்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டால் குடலில் ஓட்டை விழும். அது நோயாளியை இன்னொரு மாதம் படுக்கையில் போடும், கொல்லவும் கூடும். இரண்டு மணி நேரம் ஐந்து மணி நேரமாகிறது. கைகழுவி, அங்கியும் கையுறையும் அணிந்து நிற்பவர் தன் செல்பேசியைத் தொட முடியாது. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் அரங்கிலிருக்கும் செவிலியர் எடுத்துப் பார்த்து, யார் அழைக்கிறார்கள் என்று சொல்வார். குழந்தைக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போகச் சொல்கிறார்கள் என்ற செய்தி, கையில் பிறர் குடலைப் பிடித்துக்கொண்டிருப்பவரின் காதுக்கு இப்படித்தான் வந்து சேரும். "அவங்க அப்பாவுக்குப் போன் பண்ணச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, தையலுக்குத் திரும்ப வேண்டும்.

குழந்தைகள் காப்பகத்துக்கோ இந்தக் கதை தெரியாது. அமெரிக்காவில் பெரும்பாலான காப்பகங்கள் மாலை ஆறு மணிவாக்கில் மூடிவிடும். தாமதமானால் நிமிடக் கணக்கில் கட்டணம் போடும் இடங்கள் உண்டு. காலையிலும் இதே சிக்கல். ஏழரைக்கு முதல் கேஸ் தொடங்க வேண்டுமென்றால் அதற்கு முன்பே வார்டு ரவுண்ட்ஸ் முடிந்திருக்க வேண்டும்; காப்பகத்தின் கதவு திறப்பதற்குள் மருத்துவர் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். இரண்டு முனையிலும் இன்னொரு பெரியவர் தேவை. தாத்தா பாட்டி அருகில் இல்லாத, கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில் அந்த இன்னொருவரைச் சம்பளம் கொடுத்துத்தான் வைத்துக்கொள்ள முடியும். பயிற்சிக் காலத்துச் சம்பளத்தில் அது எளிதல்ல.

வீட்டுக்கு வந்த பிறகும் அறுவை முடிந்துவிடுவதில்லை. குடலை வெட்டி இணைத்தால், இணைத்த இடம் கசியுமா இல்லையா என்பது முதல் ஒரு வாரத்தில்தான் பெரும்பாலும் தெரியவரும். ஐந்தாம் நாள் இரவு நோயாளிக்குக் காய்ச்சல், நாடித்துடிப்பு ஏறுகிறது என்று ரெசிடென்ட் (பயிற்சி மருத்துவர்) அழைக்கும்போது மருத்துவர் பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருக்கலாம். எழுந்து போகாவிட்டாலும் மனம் போய்விடும். தான் போட்ட தையல் அது. வேறு மருத்துவத் துறையினருக்கும் கவலைகள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தன் கையால் செய்தது பிழையாகிவிட்டதோ என்ற ஐயம் அறுவை மருத்துவரை வீட்டுக்குள்ளும் பின்தொடர்கிற விதம் தனியானது. பிள்ளைகள் இதைச் சீக்கிரம் கண்டுகொள்வார்கள்: அம்மா இங்கே இருக்கிறார், ஆனால் இங்கே இல்லை.

இந்தத் தொழில் இப்படி வடிவம் பெற்ற இடத்தையும் பார்க்க வேண்டும். 1889இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே அறுவைத் துறைக்குத் தலைவரான வில்லியம் ஹால்ஸ்டெட், ஜெர்மானிய மருத்துவமனைகளில் பார்த்ததைத் தழுவி ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். பயிற்சி பெறுபவர்கள் மருத்துவமனையிலேயே தங்க வேண்டும். பயிற்சிக்குக் கால வரம்பு இல்லை. தலைவர் போதும் என்று சொல்லும்வரை இருக்க வேண்டும். திருமணமாகாதவர்களாக இருப்பதே எதிர்பார்க்கப்பட்டது. அடியில் பலர் தொடங்கி உச்சியில் ஒருவர் மட்டுமே எஞ்சும் கூம்பு அது. அங்கிருந்து வெளியேறியவர்கள் நாடெங்கும் துறைத் தலைவர்களாகி, தாங்கள் பயின்ற முறையையே நட்டு வைத்தார்கள்.

ஹால்ஸ்டெட்டின் சொந்த வாழ்க்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1884இல் கோகெய்னின் மரத்துப்போகச் செய்யும் ஆற்றலைத் தன் உடம்பிலேயே சோதித்து, அதற்கு அடிமையானார், பிறகு மார்ஃபினுக்கு. ஹாப்கின்ஸில் அவர் நீண்ட நாட்கள் வராமலேயே இருந்ததுண்டு. அந்த நாட்களில் துறையைத் தாங்கியவர்கள் அங்கேயே குடியிருந்த பயிற்சி மருத்துவர்கள். 1890இல் அறுவை அரங்கின் செவிலியர் கரோலின் ஹாம்ப்டனை மணந்தார். கிருமிநாசினியால் புண்ணான ஹாம்ப்டனின் கைகளைக் காக்கவே ரப்பர் கையுறை செய்வித்தார் என்பது மருத்துவ வரலாற்றில் பிரபலமான செய்தி. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகின் பல நாடுகளில் அறுவை மருத்துவர்களை உருவாக்கிவரும் முறையை வகுத்தவரின் அன்றாடத்தில், இரவில் எழுந்து அழும் பிள்ளை ஒன்று இருந்ததே இல்லை.

1893இல் திறந்த ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி பெண்களை ஆண்களுக்கு இணையாகச் சேர்த்தது. மேரி எலிசபெத் காரெட் என்ற செல்வந்தப் பெண்மணி அந்த நிபந்தனையோடுதான் பெரும்பணம் கொடுத்தார். கல்லூரியின் வாசல் திறந்தது. அறுவைப் பயிற்சியின் அமைப்பு அப்படியேதான் நின்றது.

ஹால்ஸ்டெட்டின் மாணவர்களில் மிகப் பெரியவர், நரம்பியல் அறுவையின் தந்தை என்று சொல்லப்படும் ஹார்வி குஷிங். அவருக்கு ஐந்து குழந்தைகள். அவர்களை வளர்த்தவர் மனைவி கேட். 1926 ஜூனில் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் வில்லியம் கார் விபத்தில் இறந்துபோனார். காலையில் செய்தி கிடைத்தது. குஷிங் அதை மனைவிக்குத் தெரிவித்துவிட்டு, அன்றைக்குக் குறித்திருந்த அறுவையைச் செய்து முடித்தார். இதைக் கடமையுணர்வின் சிகரமாகச் சொல்கிற மரபு இருக்கிறது. அரங்கில் படுத்திருந்த நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் எனக்கும் அதில் மரியாதை உண்டு. அதே நேரத்தில், அந்தச் செய்தியைக் கணவர் அருகில் இல்லாமல் தாங்கியவர் கேட் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த அறுவை நடப்பதற்கு அவருடைய தனிமையும் தேவைப்பட்டது.

வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்ற பேச்சு வலுத்தது ஒரு மரணத்துக்குப் பிறகுதான். 1984 மார்ச்சில் நியூயார்க்கில் லிபி சையன் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்தார். நீண்ட டூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர்களின் பொறுப்பில் அவர் இருந்தார் என்பது பெரும் விவாதமானது. 1989இல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவர்களின் வேலையை வாரத்துக்கு 80 மணி நேரமாக வரையறுத்தது. 2003இல் அது அமெரிக்கா முழுவதற்குமான விதியானது. இந்த 80, நான்கு வாரங்களின் சராசரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் இளம் மருத்துவர்களுக்கு 2009 முதல் வரம்பு 48. இந்தியாவில் 1992ஆம் ஆண்டு மத்திய அரசின் ரெசிடென்ஸி விதிகளும் ஒரு நாளைக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்றுதான் எழுதியிருக்கின்றன. 36 மணி நேரத் தொடர் டூட்டி பார்த்த நம் ஊர் முதுநிலை மாணவர்களிடம் கேட்டால் அந்தத் தாளின் மதிப்பைச் சொல்வார்கள்.

இந்த விதிகளின் நோக்கம் நோயாளியின் பாதுகாப்பு. மருத்துவரின் வீடு அவற்றின் நோக்கத்தில் இல்லை. ஆகவே நோயாளிக்குத் தீங்கில்லை என்று நிரூபித்தால் விதியைத் தளர்த்தலாம் என்ற வாதம் எழுந்தது. 2014-15இல் கார்ல் பிலிமோரியா தலைமையில் 117 பொது அறுவைப் பயிற்சித் திட்டங்களில் ஒரு பெரிய சோதனை நடந்தது. ஒரு பிரிவு, வார வரம்பைக் காப்பாற்றிக்கொண்டு, தொடர் டூட்டியின் நீளத்தையும் டூட்டிகளுக்கு இடையிலான ஓய்வையும் தன் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம். மறு பிரிவு எல்லா விதிகளையும் கடைப்பிடிக்க வேண்டும். 1,38,691 நோயாளிகளின் முடிவுகளை ஒப்பிட்டார்கள். இறப்பு அல்லது கடுமையான சிக்கல், தளர்த்திய பிரிவில் 9.1 சதவீதம், விதிகளைக் கடைப்பிடித்த பிரிவில் 9.0. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தளர்த்திய பிரிவில், அறுவையின் நடுவே அரங்கை விட்டுக் கிளம்ப வேண்டிய நிலை குறைந்தது. நோயாளியைத் தொடர்ந்து கவனிக்க முடிகிறது என்ற நிறைவு கூடியது. அதே பிரிவினர்தான், தங்கள் சொந்த வாழ்க்கைக்கான நேரம் கெடுகிறது என்றும் அதிகமாகச் சொன்னார்கள்.

அந்த முடிவை நான் இப்படிப் படிக்கிறேன். டூட்டியை நீட்டினாலும் நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், நீட்டியதற்கான விலை காணாமல் போய்விடவில்லை. அது எண்ணப்படாத இடத்துக்குப் போயிருக்கிறது. கனடாவின் ஒண்டாரியோவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வும் இதையே எண்ண வைக்கிறது. முந்தின இரவு நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள் மறுநாள் பகலில் செய்த அறுவைகளின் விளைவுகளை, இரவு வேலை பார்க்காத நாட்களில் அவர்களே செய்தவற்றோடு ஒப்பிட்டார்கள்: 22.2 சதவீதம், 22.4 சதவீதம். ஏறக்குறைய ஒன்றுதான். தேர்ந்தவர்கள் தூக்கமில்லாமலும் அரங்கில் தங்களைத் திரட்டிக்கொள்கிறார்கள். அப்படித் திரட்டியவர் மாலையில் எந்த நிலையில் வீட்டுக்குள் நுழைகிறார் என்பதை எந்த அட்டவணையும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போன விலை வீட்டோடு நின்றுவிடுவதுமில்லை. மேலே சொன்ன 2008 கேள்வித்தாளின் பதில்களிலிருந்தே ஷானஃபெல்ட் குழு இன்னொரு கட்டுரை எழுதியது. கடைசி மூன்று மாதங்களில் பெரிய மருத்துவப் பிழை ஒன்று செய்துவிட்டதாக 8.9 சதவீத அறுவை மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது, வேலை மணிகளுக்கும் ஆன்-கால் இரவுகளுக்கும் பிழையோடு தொடர்பு தென்படவில்லை. பணிச்சோர்வுக்கும் மன அழுத்த நோய்க்கும் இருந்தது. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே மோதலைச் சந்தித்தவர்களிடம் பணிச்சோர்வு கூடுதலாக இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாதை புலப்படுகிறது: மணிக்கணக்கு நேராகச் செய்யாத தீங்கை, வீட்டு நெருக்கடி பணிச்சோர்வின் வழியாகச் செய்யக்கூடும். சோர்வு பிழைக்கு இட்டுச் சென்றதா, பிழைதான் சோர்வைத் தந்ததா என்பதை ஒரே வேளையில் எடுத்த கணக்கெடுப்பு சொல்லாது. இரண்டும் நடக்கலாம். எப்படியானாலும், மருத்துவரின் வீடு அவருடைய தனிப்பட்ட விஷயம், மருத்துவமனைக்கு அதில் அக்கறையில்லை என்று இனிச் சொல்ல முடியாது.

கருவுற்ற பெண்களின் நிலை இதைவிடக் கடுமை. கல்லூரிப் பட்டம் நான்கு ஆண்டு, மருத்துவக் கல்லூரி நான்கு, பொது அறுவைப் பயிற்சி ஐந்து, நடுவில் பலருக்கு ஆராய்ச்சி ஆண்டுகள், பிறகு ஃபெல்லோஷிப். எல்லாம் முடிகிறபோது அமெரிக்க மருத்துவர் முப்பதுகளின் நடுவில் இருப்பார். காத்திருந்தாலும் கஷ்டம், காத்திராவிட்டாலும் கஷ்டம். பாஸ்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் எரிகா ரேஞ்சலும் சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிக் காலத்தில் கருவுற்ற 347 பெண்கள் பதில் சொன்னார்கள். பிரசவம்வரை எந்த மாற்றமும் இல்லாத பணிநேரத்தில் வேலை பார்த்தவர்கள் 85.6 சதவீதம். பயிற்சியையே விட்டுவிடலாமா என்று தீவிரமாக யோசித்தவர்கள் 39 சதவீதம். அறுவைத் துறைக்கு வராதே என்று மாணவிகளிடம் சொல்வேன் என்றவர்கள் ஏறத்தாழ 30 சதவீதம். இந்தக் கடைசி எண் என்னை மிகவும் வருத்துகிறது. இத்தனையும் தாங்கி, படித்து முடித்து, தொழிலில் நிற்பவர்கள் தங்களுக்குப் பின்னால் வருகிற பெண்ணைத் தடுக்க நினைக்கிறார்கள்.

அதே குழு 2021இல் வெளியிட்ட ஆய்வில், 692 பெண் அறுவை மருத்துவர்களில் 42 சதவீதம் பேருக்குக் கரு தங்காமல் கலைந்ததுண்டு என்று தெரிந்தது. அதே வயதுடைய பொதுமக்களில் காணப்படுவதைப்போல் இது இரண்டு மடங்குக்கும் மேல். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வாரத்துக்கு 12 மணி நேரமோ அதற்கு மேலோ அறுவை செய்தவர்களுக்குப் பேறுகாலச் சிக்கல்கள் கூடின. அறுவை மேசையின் முன் மணிக்கணக்காக நிற்பது, நேரத்துக்கு உண்ணாமலும் தண்ணீர் குடிக்காமலும் இருப்பது, இரவு விழிப்பு: கருவுற்ற நோயாளி ஒருவர் இப்படி இருந்தால் இதே மருத்துவர்கள் அவரைக் கடிந்துகொள்வார்கள்.

வீட்டில் தாங்குவது யார் என்ற கேள்விக்கு நேராகவே விடை தரும் ஓர் ஆய்வு 2014இல் வந்தது. அறுவைத் துறை மட்டுமல்லாமல் எல்லாத் துறைகளையும் சேர்ந்த, ஆராய்ச்சியிலும் ஈடுபட்ட இளம் மருத்துவர்களைப் பற்றியது. திருமணமாகிப் பிள்ளைகள் உள்ளவர்களில், பெண்கள் ஆண்களைவிட வாரத்துக்கு 8.5 மணி நேரம் கூடுதலாக வீட்டு வேலையிலும் பிள்ளை வளர்ப்பிலும் செலவிட்டார்கள். துணைவரும் முழுநேர வேலையில் இருந்த வீடுகளில், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு திடீரென்று குலைந்தபோது விடுப்பு எடுத்தவர்கள் பெண்களில் 42.6 சதவீதம், ஆண்களில் 12.4 சதவீதம். அடுத்த ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் அடிப்படையில் மருத்துவர்களின் மணமுறிவைப் பார்த்தது. பொதுவாக மருத்துவர்களிடம் மணமுறிவு மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் பெண் மருத்துவர்களிடம் மட்டும், வேலை மணி கூடக்கூட மணமுறிவும் கூடியது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு இல்லை. கணவன் நெடுநேரம் உழைத்தால் குடும்பம் அதற்கேற்ப வளைந்துகொள்கிறது. மனைவி அதே அளவு உழைத்தால் வளைவதற்குப் பதில் முறிகிறது.

ஆண்கள் தப்பித்துவிட்டார்கள் என்று இதை வாசிக்கக் கூடாது. மூன்று வாரத்துக்குள் ஆண்களில் பாதிப்பேர் மோதலைச் சொல்லியிருக்கிறார்கள். கேட் குஷிங்கைப் போல முழுநேரமும் வீட்டைத் தாங்கும் மனைவி இன்றைய இளம் அறுவை மருத்துவருக்கு அமைவது அரிது. பல வீடுகளில் அந்த மனைவியே மருத்துவராக இருக்கிறார். தந்தையாக வீட்டில் இருக்க விரும்பும் ஆண், மகளின் பள்ளி நிகழ்ச்சிக்காக ஒரு கேஸை இன்னொருவரிடம் ஒப்படைத்தால், அவருடைய ஈடுபாட்டைச் சந்தேகிக்கும் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெண் வீட்டுக்காக விலகுவார் என்று எதிர்பார்த்து முணுமுணுப்பவர்கள், ஆணிடம் அதை எதிர்பார்ப்பதே இல்லை. அதனால் அவர் கேட்பதுமில்லை.

கேட்காமலிருப்பது இந்தத் தொழிலில் ஆழமாகப் பதிந்த பழக்கம். 2008இல் பதிலளித்தவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு முந்தைய ஓராண்டில் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. அவர்களில் மனநல உதவியை நாடியவர்கள் 26 சதவீதம் மட்டுமே. 60 சதவீதம் பேர் தயங்கினார்கள்; மருத்துவ உரிமத்துக்கு ஆபத்து வருமோ என்ற பயம். பிறரின் வலியை முதல் கேள்வியிலேயே கேட்டறியப் பயிற்சி பெற்றவர்கள் இவர்கள்.

சில விதிகள் இப்போது மாறியிருக்கின்றன. 2021 ஜூலை முதல் அமெரிக்க மருத்துவச் சிறப்புத் துறை வாரியங்கள், பயிற்சிக் காலத்தில் ஒருமுறையாவது ஆறு வாரம் பெற்றோர் விடுப்பை அனுமதிக்க வேண்டும். அதற்காகப் பயிற்சியை நீட்டிக்கக் கூடாது. 2022 ஜூலை முதல் அந்த ஆறு வாரத்துக்கு முழுச் சம்பளமும் உண்டு. தாய்க்கு மட்டுமல்ல, தந்தைக்கும். 480 நாட்களைப் பெற்றோருக்குப் பகிர்ந்தளித்து, அதில் இருவருக்கும் தலா 90 நாட்களை ஒரு பெற்றோர் மற்றவருக்கு மாற்ற முடியாதபடி ஒதுக்கியிருக்கும் ஸ்வீடனோடு ஒப்பிட்டால் ஆறு வாரம் சிறியது. ஹால்ஸ்டெட்டின் கூம்போடு ஒப்பிட்டால் பெரியது.

விடுப்பைவிட முக்கியமானது என்று நான் நினைப்பது வேலையைப் பங்கிடும் முறை. கடந்த இருபது ஆண்டுகளாகப் பல அமெரிக்க மருத்துவமனைகளில் அவசர அறுவைக்கென்று தனிக் குழு அமைத்திருக்கிறார்கள். நள்ளிரவில் வரும் குடல்வால் அழற்சியையும் குடல் அடைப்பையும் அந்த வாரத்துக்கான குழு பார்த்துக்கொள்ளும், மற்றவர்கள் உறங்கலாம். டூட்டி முடிந்தால் நோயாளியை முறையாக அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பலாம். என் நோயாளி என்ற பிடிப்பு இதில் சற்றுத் தளர்கிறது என்று மூத்தவர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஒப்படைக்கும்போது தவறிப்போகும் ஒரு தகவல் உயிரைப் பறிக்கலாம். அதற்கான விடை, ஒப்படைப்பதை அறுவையைப் போலவே கவனமாகக் கற்றுக்கொடுப்பதுதான்.

விடுப்பில் போனவரின் வேலையை யார் செய்வது என்பதற்குப் பல இடங்களில் இன்னும் ஏற்பாடில்லை. ஒருவர் பிள்ளை பெறப் போனால் அவருடைய ஆன்-கால் இரவுகள் எஞ்சியிருக்கும் நால்வர் மேல் விழுகின்றன; அந்த நால்வருக்கும் வீடு இருக்கிறது. விடுப்புக் கேட்பவர் நிர்வாகத்திடம் கேட்பதைவிடத் தன் நண்பர்களிடம் மன்னிப்புக் கேட்பவர்போல் கேட்க வேண்டியிருக்கிறது. மாற்று ஆளுக்கான பணத்தை மருத்துவமனை தன் வரவு செலவுத் திட்டத்தில் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால், ஆறு வார விடுப்பு எடுத்தவர்மேல் சக மருத்துவருக்குக் கோபம் வரக் காரணமிருக்காது.